முதல் தட்டில் ஏன் திறக்கவில்லை? நோக்கியா 5800 தொடுதிரை பற்றி

கேட்கப்பட்ட கேள்வி இது: "இன்டர்ஃபேஸ் டிசைன் படிக்கிறேன். ஆரம்ப காலத் தொடுதிரை போன்களைப் பயன்படுத்துவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழுத்தினால்தான் வேலை செய்யும் அந்த ரெசிஸ்டிவ் திரைதான் காரணமா? பாடத்துக்காகப் பழைய நோக்கியா 5800 ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். உபயோகப்படுமா?"

வாங்குங்கள், நிச்சயம் உபயோகப்படும். இந்தப் பதிலுக்காக நானும் இழுப்பறையில் கிடந்த 5800-ஐ எடுத்துச் சார்ஜ் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். திரைதான் காரணமா என்று கேட்டால், பாதிக்கும் குறைவாகத்தான் அதன் மேல் பழி போடுவேன். அந்தத் திரைக்கென்று குறைகள் உண்டு, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆளைச் சலிக்க வைத்தது அதற்கு அடியில் ஓடிய மென்பொருள். பொத்தான் போனுக்காக வளர்ந்த மெனுக்களை அப்படியே எடுத்து, மேலே ஒரு தொடுதிரையைப் பொருத்தினார்கள். 5800-இல் நீங்கள் பார்க்கப்போகிற தொல்லைகளில் பெரும்பாலானவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

போனைப் பற்றிச் சுருக்கமாக. 2008 அக்டோபரில் லண்டனில் அறிமுகம் செய்தார்கள். முழுப் பெயர் 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக். 3.2 அங்குலத் திரை, 640-க்கு 360 பிக்சல். பெட்டிக்குள்ளேயே 8 ஜிபி மெமரி கார்டு வந்தது. உள்ளே சிம்பியன் என்ற இயங்குதளம், அதன் மேல் எஸ்60 என்ற இடைமுகத்தின் ஐந்தாம் பதிப்பு. எஸ்60 தொடுதிரைக்கு வந்தது இந்தப் பதிப்பில்தான். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2008 ஆகஸ்டில், ஐபோன் 3ஜி இந்தியாவில் 31,000 ரூபாய்க்கு வந்திருந்தது. 5800 அதைவிடப் பல ஆயிரம் குறைவு. 2009 ஜனவரிக்குள் உலகம் முழுக்கப் பத்து லட்சம் போன்கள் போய்விட்டதாக நிறுவனமே அறிவித்தது. அதன் பிறகு வந்த 5230, 5233 இரண்டும் இதே மென்பொருளில் ஓடியவை. நம் ஊரில் நிறையப் பேர் தொடுதிரையில் முதன்முதலாக விரல் வைத்தது இந்த வரிசைப் போன்களில்தான். அதனால் "தொடுதிரை என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது" என்ற எண்ணம் பலருக்கு இவற்றிலிருந்தே வந்தது.

சரி, முதலில் திரை.

ரெசிஸ்டிவ் திரை என்பது இரண்டு அடுக்கு. கீழே கண்ணாடி, மேலே வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக். இரண்டின் உட்பக்கத்திலும் மின்சாரம் கடத்தும், கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவில் நுண்ணிய புள்ளிகள் தாங்கிக்கொண்டிருக்கும். நாம் அழுத்தும்போது மேல் அடுக்கு வளைந்து கீழ் அடுக்கைத் தொடுகிறது. ஓர் அடுக்கில் இடமிருந்து வலமாக மின்னழுத்தம் கொடுத்து, தொட்ட இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மற்ற அடுக்கு வழியாக அளந்தால் கிடையாக எங்கே என்று தெரியும். பிறகு மேலிருந்து கீழாகக் கொடுத்து அளந்தால் நெடுக்காக எங்கே என்று தெரியும். அவ்வளவுதான் வேலை.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தானாக வருகின்றன. ஒன்று, தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். விரலின் சதைப்பகுதி மெத்தென்று பரவி அழுத்தத்தைச் சிதறடித்துவிடும். நகமோ ஸ்டைலஸ் என்ற எழுதுகுச்சியோ ஒரே புள்ளியில் குவிக்கும். 5800 வைத்திருந்தவர்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் நிமிர்த்தி நகநுனியால் தட்டப் பழகிக்கொண்டது இதனால்தான். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு விரல்தான். இரண்டு இடத்தில் அழுத்தினால் நடுவில் எங்கோ தொட்டதாக அது எண்ணிக்கொள்ளும். இரண்டு விரலை விரித்துப் படத்தைப் பெரிதாக்குவதற்கு வழியே இல்லை. மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். விரலை இழுக்கும்போது வழி முழுக்க அதே அழுத்தம் இருக்க வேண்டும். நாம் யாரும் அப்படி இழுப்பதில்லை. தொடக்கத்தில் அழுத்துவோம், நடுவில் தளர்த்துவோம். தளர்ந்த இடத்தில் இழுப்பு அறுந்துபோகும். அறுந்து மறுபடி ஒட்டினால், அது இழுப்பா இரண்டு தனித்தனித் தட்டா என்று மென்பொருளுக்குக் குழப்பம் வந்துவிடும்.

வெயிலில் பார்ப்பதும் சிரமம். அடுக்குகளுக்கு நடுவே இருக்கிற காற்று ஒளியைத் திருப்பி அடிக்கும். மேலே பிளாஸ்டிக் என்பதால் கீறலும் விழும். நாளாக நாளாகத் தொட்ட இடம் ஒன்று, போன் எண்ணிய இடம் இன்னொன்று என்று விலகும். அதற்காகவே அமைப்புகளில் 'டச் ஸ்க்ரீன் கேலிப்ரேஷன்' என்று ஒரு பகுதி இருக்கிறது. மூலைகளில் வரும் குறிகளை ஸ்டைலஸால் தொட்டு, "இங்கே என்றால் இங்கேதான்" என்று போனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஏன் அந்தத் திரையைப் போட்டார்கள் என்றால், அதற்கும் நல்ல காரணங்கள் இருந்தன. விலை குறைவு. கையுறை போட்ட விரலாலும் வேலை செய்யும், எதால் அழுத்தினாலும் சரி. ஸ்டைலஸ் நுனியால் எழுத முடியும், சீன எழுத்துகளை எழுதிப் பழகியவர்களுக்கு அது பெரிய வசதி. 5800-இன் முதுகில் ஒரு மூலையில் ஸ்டைலஸ் செருகி இருக்கும். பெட்டியில் கிடார் வாசிக்கிற பிளெக்ட்ரம் மாதிரி ஒரு முக்கோணத் துண்டும் வந்தது, அதாலும் திரையைத் தொடலாம். விரல் மட்டும் போதும் என்று அந்தப் போனைச் செய்தவர்களே முழுதாக நம்பவில்லை என்பது எனக்கு இதிலிருந்து தெரிகிறது.

இப்போது என் மேசையில் இருக்கிற போனுக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியதும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான்.

மெனுவைத் திறக்கிறேன். ஐகான்கள் கட்டம் கட்டமாக அடுக்கி இருக்கின்றன. 'மெசேஜிங்' மேல் ஒரு தட்டு. திறந்துவிட்டது. வெளியே வந்து, 'ஆப்ஷன்ஸ்' வழியாக அதே மெனுவைப் பட்டியல் வடிவத்துக்கு மாற்றுகிறேன். அதே ஐகான்கள், அதே பெயர்கள், இப்போது ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. 'மெசேஜிங்' மேல் ஒரு தட்டு. பெயரின் பின்னால் ஒரு நிறப்பட்டை வந்து நிற்கிறது, திறக்கவில்லை. இன்னொரு தட்டு. இப்போது திறக்கிறது.

கட்டமாக இருந்தால் ஒரு தட்டு, பட்டியலாக இருந்தால் இரண்டு தட்டு. போனோடு வந்த கையேட்டிலேயே இது விதியாக எழுதப்பட்டிருந்தது. பொதுவாக ஒரு முறை தட்டினால் திறக்கும். ஆனால் செயலிக்குள் இருக்கும் பட்டியல்கள், பட்டியல் வடிவில் இருக்கும் மெனு, கோப்புகளின் பட்டியல், இவற்றில் இரண்டு முறை தட்ட வேண்டும். அதற்குள்ளேயும் ஒரு விதிவிலக்கு: ஒரு பட்டியலைத் திறந்ததும் அதன் முதல் வரி ஏற்கெனவே நிறப்பட்டையோடு நிற்கும், அதற்கு மட்டும் ஒரு தட்டு போதும்! ஒரு செயலை எப்படிச் செய்வது என்று சொல்ல விதி, விதிக்கு விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று மூன்று படி எழுத வேண்டியிருந்தால், அந்த இடத்தில் வடிவமைப்பு தோற்றுவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கணினியில் மௌஸால் டபுள் கிளிக் செய்வது போல இதுவும் என்று நினைக்க வேண்டாம். இது 'டக் டக்' என்று வேகமாகத் தட்டுவது இல்லை. முதல் தட்டு தேர்வு செய்கிறது, இரண்டாவது தட்டு திறக்கிறது, நடுவில் பத்து நிமிடம் கழிந்தாலும் பரவாயில்லை. இரண்டும் தனித்தனி வேலைகள்.

இது ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். எஸ்60 வரிசையின் முதல் போன் நோக்கியா 7650, 2002-இல் விற்பனைக்கு வந்தது. நாலு திசைக்கும் நகர்த்துகிற ஒரு பொத்தான், அதை நடுவில் அழுத்தினால் தேர்வு, திரைக்குக் கீழே இடதிலும் வலதிலும் ஒவ்வொரு பொத்தான். பொத்தானால் ஒரு பட்டியலில் நகர வேண்டுமென்றால், இப்போது எந்த வரியில் நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் அந்த நிறப்பட்டை. பொத்தான் போனில் அது மிகச் சரியான ஏற்பாடு. நகர்த்து, பட்டை நகரும், அழுத்து, திறக்கும். ஆறு வருடம் எஸ்60-இல் இருந்த ஒவ்வொரு திரையும், ஒவ்வொரு செயலியும் அந்தப் பட்டையை நம்பியே எழுதப்பட்டன.

விரலுக்கு அந்தப் பட்டை தேவையில்லை. ஒரு வரியைத் தொடுவதிலேயே "இது" என்பதும் "திற" என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஆனால் 5800-இல் பட்டையைத் தூக்கி எறிய முடியவில்லை, ஏனென்றால் இடது மூலையில் 'ஆப்ஷன்ஸ்' அப்படியே இருக்கிறது. அழிப்பது, அனுப்புவது, பெயர் மாற்றுவது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆப்ஷன்ஸைத் தொட்டு 'டிலீட்' என்றால், எதை அழிப்பது? பட்டை எந்த வரியில் நிற்கிறதோ அதை. ஆகவே திறக்காமல் வெறுமனே தேர்வு மட்டும் செய்ய ஒரு வழி வேண்டும். அதற்கு முதல் தட்டை ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் யோசிக்காமல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழைய கட்டடத்தின் ஒரு தூணை எடுத்தால் மாடி விழும் என்ற நிலை அது. ஒரு வரியை அழுத்திப் பிடித்தால் அதற்கான மெனு வரும் என்ற ஏற்பாட்டை எல்லாத் திரைகளுக்கும் கொடுத்திருந்தால் முதல் தட்டை விடுவித்திருக்கலாம். அதற்கு எல்லாத் திரைகளையும் புதிதாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

இதன் விளைவை ஒரு குறுஞ்செய்தியை அழித்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். செய்தி திரையின் மேல்பாதியில் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே போய் ஒரு தட்டு, பட்டை வருகிறது. விரல் இடது கீழ்மூலைக்கு இறங்கி ஆப்ஷன்ஸ். ஒரு சின்னப் பட்டியல் எழும்புகிறது. அதில் 'டிலீட்', இங்கே ஒரு தட்டே போதும். பிறகு 'நிச்சயமா?' என்ற கேள்வி, அதற்கு மறுபடி கீழே இறங்கி 'யெஸ்'. ஒரே திரையில், பின்னால் இருக்கும் பட்டியலுக்கு இரண்டு தட்டு, முன்னால் எழும்பிய பட்டியலுக்கு ஒரு தட்டு. பொத்தான் போனில் கட்டைவிரல் ஓர் அங்குலத்துக்குள் இருந்தே இதையெல்லாம் முடித்துவிடும். இங்கே திரை முழுக்க ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. தொடுதிரை வந்ததால் வேலை கூடியது என்று சொல்ல இதைவிடத் தெளிவான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் திரையும் மென்பொருளும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. நீங்கள் தட்டினீர்கள், ஒன்றும் திறக்கவில்லை. ஏன்? அழுத்தம் போதாமல் தட்டு பதிவாகாமல் இருந்திருக்கலாம். பதிவாகி, அது தேர்வு செய்வதற்கான முதல் தட்டாக இருந்திருக்கலாம். அல்லது சரியாகத் தட்டிவிட்டீர்கள், போன் மெதுவாகத் திறந்துகொண்டிருக்கலாம். இது 128 எம்பி ராம் உள்ள கருவி, நாலு செயலி திறந்திருந்தால் திணறும். மூன்று காரணங்களுக்கும் வெளியே தெரிவது ஒன்றுதான்: திறக்கவில்லை. செய்ய வேண்டியதோ மூன்றிலும் வேறு. முதலாவதில் இன்னும் அழுத்தித் தட்ட வேண்டும், இரண்டாவதில் அதே மாதிரி இன்னொரு முறை, மூன்றாவதில் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுமை இழந்து மூன்றாவது முறை தட்டினால், அதற்குள் திறந்துவிட்ட அடுத்த திரையில் விரலுக்கு அடியில் என்ன வந்திருக்கிறதோ அதன் மேல் அந்தத் தட்டு விழும். கேட்காத ஒன்று திறந்து நிற்கும்.

தட்டு பதிவானதும் போன் லேசாக அதிரும் வசதி இருந்தது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் பட்டை மட்டும் நகர்கிற தட்டுக்கும் அதிர்வு, திறக்கிற தட்டுக்கும் அதே அதிர்வு. விரல் "ஆயிற்று" என்று நம்பிவிடுகிறது, கண் "ஆகவில்லை" என்கிறது. நீங்கள் வகுப்பில் எதையாவது எழுதிக் காட்டப் போகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மறுமொழி கொடுப்பது மட்டும் போதாது, எதற்கான மறுமொழி என்பதும் புரிய வேண்டும்.

பட்டியலை நகர்த்துவதிலும் இதே கதை. சில பட்டியல்களில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து மேலும் கீழும் இழுக்கலாம். மற்றவற்றில் வலது ஓரத்தில் இருக்கும் மெல்லிய ஸ்க்ரோல் பாரைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். எங்கே எது என்று பார்த்துச் சொல்ல முடியாது, இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். விரலை வீசினால் பட்டியல் தானாக ஓடி மெல்ல நிற்கும் இயக்கம் முதலில் இல்லவே இல்லை. ஸ்டைலஸுக்கு ஸ்க்ரோல் பார் பொருத்தம்தான். இடது கைக்காரர் விரலால் அதைப் பிடிக்கப் போனால் உள்ளங்கை திரையையே மறைத்துவிடும்.

எழுத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதி. 640-க்கு 360 பிக்சல், 3.2 அங்குலம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 9 பிக்சல். திரையின் அகலம் 40 மில்லிமீட்டர், உயரம் 71 மில்லிமீட்டர். விரலால் தொட வேண்டிய எதுவும் சுமார் 7 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பின்னாளில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. தொடும் பொத்தானுக்குக் குறைந்தது இவ்வளவு என்று ஆப்பிள் தன் அலகில் சொன்ன 44 புள்ளி, முதல் ஐபோன் திரையில் கிட்டத்தட்ட அதே 7 மில்லிமீட்டர்தான். இப்போது ஆங்கிலக் கீபோர்டின் மேல் வரிசையில் 10 எழுத்து. நிமிர்த்திப் பிடித்த 5800-இல் ஒரு எழுத்துக்கு 4 மில்லிமீட்டர், விரலுக்கு ஆகாது. படுக்கவைத்தால் 7 மில்லிமீட்டர், ஆகும். அதனால்தான் நிமிர்த்திப் பிடித்தால் பழைய பொத்தான் போன் மாதிரி 12 கட்டக் கீபேட், படுக்கவைத்தால் முழுக் கீபோர்டு. இந்த முடிவு சரியானது. நிமிர்ந்த நிலையிலேயே ஒரு குட்டிக் கீபோர்டும் உண்டு, அது ஸ்டைலஸுக்கானது.

ஆனால் ஐபோனிலும் இதே நெருக்கடி இருந்தது என்பதைக் கவனியுங்கள். 3.5 அங்குலத் திரையின் அகலம் 50 மில்லிமீட்டர், எழுத்துக்கு 5 மில்லிமீட்டர்தான். அவர்கள் அதை மென்பொருளால் சமாளித்தார்கள். ஆப்பிள் பொறியாளர் கென் கொசியெண்டா எழுதிய பிழைதிருத்தும் நிரல், விரல் பக்கத்து எழுத்தில் விழுந்தாலும் நினைத்த சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அடுத்து எந்த எழுத்து வர வாய்ப்பு அதிகமோ, அதன் தொடுபகுதி கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் பெரிதாகவும் ஆகும். விரல் துல்லியமில்லாதது என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்கியதன் பலன் அது. 5800 விரலிடம் ஸ்டைலஸின் துல்லியத்தை எதிர்பார்த்தது.

கீபோர்டு எழும்பும்போது நடப்பதையும் பார்க்க வேண்டும். எழுதுவதற்கான ஒரு கட்டத்தைத் தொட்டால், போனை நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்கவைத்தாலும் எழுதும் பலகை வந்து திரையை மூடிக்கொள்கிறது. நீங்கள் எழுதுவது மேலே ஒரு பட்டையில் தெரியும். எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள், அதற்கு மேலே என்ன கேட்டிருந்தது என்பது தெரியாது. முடித்ததும் சரி குறியைத் தொட்டால்தான் பழைய திரை திரும்பும். ஓர் இணையப் பக்கத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டுமென்றால், உள்ளே போ, எழுது, வெளியே வா, அடுத்த கட்டத்தைத் தேடு, மறுபடி உள்ளே போ. ஒவ்வொரு கட்டமும் தனி அறை. நடுவில் போன் கொஞ்சம் சாய்ந்துவிட்டால் திரை திரும்பி 12 கட்டக் கீபேட் வந்து நிற்கும், விரலுக்குப் பழகிய இடங்களெல்லாம் மாறிப்போகும்.

பழைய எஸ்60 செயலிகளை இதில் போட்டுப் பார்த்தால் இன்னொரு காட்சி கிடைக்கும். அவை பொத்தான்களை மட்டுமே அறிந்தவை. ஆகவே திரையின் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் திசைப் பொத்தான்களையும் தேர்வுப் பொத்தான்களையும் படமாக வரைந்து காட்டும். மிச்ச இடத்தில் செயலி ஓடும். அந்த வரைந்த பொத்தான்களைத் தொட்டு, மேலே இருக்கும் பட்டையை நகர்த்த வேண்டும். நான் இதுவரை சொன்னது முழுவதையும் அந்த ஒரு திரை காட்டிவிடும். முடிந்தால் ஒரு பழைய விளையாட்டையாவது ஏற்றிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் திரைதான் காரணம் என்றால் திரையை மாற்றினால் சரியாகியிருக்க வேண்டும். அப்படி ஒரு சோதனை உண்மையிலேயே நடந்தது. 2009 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட நோக்கியா எக்ஸ்6-இல் கெபாசிட்டிவ் திரை. லேசாகத் தொட்டால் போதும், நகம் வேண்டாம். ஆனால் மென்பொருள் அதே எஸ்60 ஐந்தாம் பதிப்பு. பட்டியல்களில் அதே இரண்டு தட்டு, அதே ஆப்ஷன்ஸ், அதே திரையை மூடும் கீபோர்டு. மறுபக்கம், 2010 தொடக்கத்தில் 5800-க்கு 40-ஆம் வரிசை ஃபர்ம்வேர், அதாவது போனுக்குள் ஓடும் மென்பொருளின் புதிய பதிப்பு, வந்தது. திரை அதே பழைய ரெசிஸ்டிவ்தான், ஆனால் விரலை வீசினால் பட்டியல் ஓடத் தொடங்கியது. போன் கையில் வேறு மாதிரி இருந்தது. திரை மாறியும் தொல்லை போகாத ஒரு போன், திரை மாறாமலே தொல்லை குறைந்த ஒரு போன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எவ்வளவு பொறுப்பு என்று தெரிந்துவிடும். கடைசியில் 2010-இல் வந்த என்8-இன் சிம்பியனில்தான் எங்கும் ஒரே தட்டு என்று ஆனது.

ஐபோனை உயர்த்திப் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 2007-இல் வந்த அந்தப் போனில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டும் வசதியே இல்லை, அது 2009 ஜூனில்தான் வந்தது. 5800-இல் அது முதல் நாளிலிருந்தே இருந்தது. வேலைகளின் எண்ணிக்கையில் 5800 மேலே நின்றது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை தட்டு, எத்தனை சந்தேகம் என்பதில் கீழே போனது.

அதில் நன்றாக அமைந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வலது விளிம்பில் ஒரு சின்ன வழுக்குப் பொத்தான். கீழே இழுத்துவிட்டால் திரை பூட்டும், மறுபடி இழுத்தால் திறக்கும். பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போதே, பார்க்காமலே, கட்டைவிரலால் செய்யலாம். எந்த வரியில் நிற்கிறோம், எத்தனை முறை தட்ட வேண்டும் என்ற கேள்வியே இல்லை. கைக்கு ஒரே அர்த்தம். இன்றைய போன்களில் அதைப் போல ஒன்று இல்லையே என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். தமிழ் எழுத்துரு இல்லாத அந்தக் காலத்துப் போன்களில் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபெரா மினி என்ற இணைய உலாவியின் முகவரிப் பட்டையில் ஓபெரா கான்ஃபிக் என்று அடித்து உள்ளே போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் அமைப்பை இயக்கினால் தமிழ் வந்துவிடும். அந்த ஒரு வரியை இந்தக் கீபோர்டில் பிழையில்லாமல் அடித்து, நீளமான அமைப்புப் பட்டியலின் கடைசி வரை ஓரப் பட்டையை இழுத்துக்கொண்டு போனதுதான் நிறையப் பேருக்கு இந்தத் தொடுதிரையில் செய்த முதல் பெரிய வேலையாக இருந்திருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. பேட்டரி பிஎல்-5ஜே, உப்பியிருந்தால் வேண்டாம். மைக்ரோ யுஎஸ்பி ஓட்டை இருக்கும், அதில் சார்ஜ் ஏறாது, மெல்லிய ஊசி முனை உள்ள பழைய நோக்கியா சார்ஜர் தேவை. முதுகில் ஸ்டைலஸ் இருக்கிறதா என்று பாருங்கள், முதலில் தொலைவது அதுதான். திரை நடுவில் மட்டும் பதிவாகி ஓரங்களில் பதிவாகாவிட்டால் கேலிப்ரேஷன் செய்து பாருங்கள், அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் வேறு போன் தேடுங்கள். ஃபர்ம்வேர் 40-க்கு முந்தையதாகக் கிடைத்தால் உங்கள் பாடத்துக்கு அதுதான் பொருத்தம், புதுப்பித்துவிடாதீர்கள்.

பிறகு மெனுவைப் பட்டியல் வடிவத்துக்கு மாற்றி, இந்தப் போனைப் பார்த்தே இராத ஒருவர் கையில் கொடுத்து, "இன்று எடுத்த ஒரு படத்தை அழித்துக் கொடு" என்று மட்டும் சொல்லுங்கள். உதவி செய்யாதீர்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிப்பதைவிட, முதல் தட்டில் ஒன்றும் திறக்காதபோது அவர் என்ன செய்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். சிலர் அழுத்துவார்கள், சிலர் காத்திருப்பார்கள், சிலர் போனை உங்களிடமே திருப்பி நீட்டுவார்கள்.